சனிக்கிழமை நார்மல்கள்

சிகாகோ
ஜனவரி 9, 2023

நெஸ்தோர்,

என் கண்களைக் கெடுத்தவன் நீ.

கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. இது ஒரு தகவல். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஃபோன் செய்யாதே. செய்தால் நீ அழுவாய், நான் "சரி விடுடா" என்பேன், நீ நிம்மதியாகத் தூங்கப் போவாய். நமக்குள் எப்போதும் அப்படித்தான் முடிகிறது. இந்தத் தடவை எழுது.

நவம்பரில் என் கை வெந்ததை லூபே உனக்குச் சொல்லியிருப்பாள். எப்படி வெந்தது என்று சொல்லியிருக்க மாட்டாள், என் மகளுக்கே அப்போது தெரியாது. சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் இஸ்திரி உருளைக்குள் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தைப் பிடித்து நேராக உள்ளே விடுவது என் வேலை. எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. அன்றைக்கு விரிப்பு எங்கே முடிகிறது, உருளை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு விரல் உள்ளே போய்விட்டது. "தூங்கிட்டியா ஒஃபேலியா?" என்று சூப்பர்வைசர் கத்தினான். நான் தூங்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த இடத்தில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

கைக்குக் கட்டுப் போட்ட டாக்டர் என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பினாள். அவர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர்.

"மூட்டுவலிக்கு இந்த மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?"

"பதிமூணு வருஷம் இருக்கும்."

"இதைச் சாப்பிடறவங்க வருஷா வருஷம் கண்ணைப் பாத்துக்கணும்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. பாத்தாச்சு. என் தம்பிதான் பாத்தான், பல்கலைக்கழகத்துல. நார்மல்னு சொன்னான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நடுவுல கொஞ்சூண்டு மிச்சம் இருக்கும்மா. அதைச் சுத்தி வளையமா போயிடுச்சு. மாத்திரைய இன்னைக்கே நிறுத்திடுங்க. போனது திரும்பாது. நிறுத்தினப்புறமும் இன்னும் கொஞ்சம் போகும். நாலு வருஷம் முன்னாடி இதை யாராவது பாத்திருந்தா, நீங்க இந்த நாற்காலிக்கே வந்திருக்க மாட்டீங்க."

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும்.

ஒஃபேலியா


ஹூஸ்டன்
ஜனவரி 24, 2023

அக்கா,

உன் கடிதத்தை வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். ஒரு தாளுக்கு ஏழெட்டு வரி, தடித்த மார்க்கர். உன் கையெழுத்து அம்மாவின் கையெழுத்து போல ஆகிவிட்டது. பிறகு அலுவலகத்துக்குள் போக முடியவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் நீ எழுதியது நியாயம் இல்லை. நியாயம் இல்லாததை நான் ஒப்புக்கொண்டால் அதுவும் உனக்கு உதவாது.

அன்று நடந்தது கண் பரிசோதனை இல்லை, அக்கா. ஆரோக்கியமான விழித்திரை எவ்வளவு மங்கலான வெளிச்சம்வரை பார்க்கும் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். வயதுக்கு வயது அது மாறும். அந்த அளவு கையில் இருந்தால்தான் நாளைக்கு ஒரு நோயாளி வந்தால் அவருக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்ல முடியும். அதற்குத்தான் நல்ல கண் உள்ளவர்களைக் கூப்பிட்டோம். உன் கண்ணில் என்ன கோளாறு என்று தேடுவதற்காக உன்னை உட்கார வைக்கவில்லை. கோளாறு இல்லை என்று முடிவு செய்த பிறகுதான் உட்கார வைத்தோம். "இதை மருத்துவப் பரிசோதனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்று நீ கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. ஸ்பானிஷிலும் இருந்தது. நானே அதை உனக்குப் படித்துக் காட்டினேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நீ மாத்திரை சாப்பிட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த மருந்து சாப்பிடுகிறவர்களைச் சேர்க்கவே கூடாது, அதுதான் முதல் விதி. சொந்தத் தம்பியிடம் ஏன் மறைத்தாய்?

பூதக்கண்ணாடி பொருத்திய மேசை விளக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். வெளிச்சத்தை இடது பக்கமிருந்து வரும்படி வைத்துக்கொள்.

நெஸ்தோர்


சிகாகோ
பிப்ரவரி 6, 2023

நெஸ்தோர்,

விளக்கு வந்தது. பெட்டியிலேயே இருக்கிறது.

மறைத்தேன் என்கிறாய். சரி, அந்தச் சனிக்கிழமையை நான் எழுதுகிறேன். நீ உன் தாள்களில் சரிபார்த்துக்கொள்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமைகளில் அவரவர் வீட்டு மனுஷர்களை அழைத்து வருவீர்கள். மாமியார், மச்சான், வாடகைக்கு இருப்பவர். "சனிக்கிழமை நார்மல்கள்" என்று எங்களுக்குப் பெயர் வேறு வைத்திருந்தீர்கள். நீ சர்ச்சில் பாதிப் பேரைக் கூட்டி வந்திருந்தாய். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை நான் தேய்த்திருக்கிறேன், உள்ளே போனது அன்றைக்குத்தான்.

நீ திரையைப் பார்த்துக்கொண்டே கேள்விகளைப் படித்தாய். என்னைப் பார்க்கவில்லை.

"சர்க்கரை இல்ல. பிரஷர் இல்ல. கண் ஆபரேஷன் இல்ல. தினமும் சாப்பிடற மருந்து... எங்க அக்காவா, இவ குதிரை. தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டா. இல்ல."

வாசலில் நின்ற உன் மேலதிகாரி ஹெதர் சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன். என் பின்னாலேயே பெஞ்சில் சலவை ஆலை சூப்பர்வைசரின் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள், அவளையும் நீதான் கூட்டி வந்திருந்தாய். விரல் மூட்டு போனவளை உருளைப் பக்கம் விடமாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் நீ அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். நீ கேட்கவே இல்லை, நெஸ்தோர். நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கொண்டாய்.

உங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டர் ஒருவர் ஒரு நிமிஷம் கண்ணில் டார்ச் அடித்தார். பலகையில் கடைசி வரிவரை படித்தேன். பிறகு இருட்டறை. ஒரு கண்ணைக் கட்டி, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னாய்.

"நடுவுல சிவப்பு வளையம் தெரியுதா? அதை மட்டும் பாரு. சுத்தி எங்கயாவது வெளிச்சம் பளிச்சுன்னா பொத்தானை அழுத்து."

உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தேன்.

"நெஸ்தோர், மெஷின் நின்னுபோச்சாடா? ஒண்ணும் வரலியே."

"ஓடிட்டுத்தான் இருக்கு. முதல் தடவை எல்லாரும் இப்படித்தான் முழிப்பாங்க. இது சும்மா பழகறதுக்கு. இதைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவதைத்தான் எடுப்போம்."

முடிந்ததும் நீ திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாய். அந்த நீல வெளிச்சத்தில் உன் முகம் தெரிந்தது. அப்போது எனக்கு அவ்வளவு தெரிந்தது. பிறகு காபியும் கோஞ்சா இனிப்பு ரொட்டியும் கொண்டு வந்து கொடுத்தாய்.

"ராத்திரி ஷிஃப்ட்டாக்கா?"

"ஆமாண்டா."

"அதான். இந்தத் தடவை யோசிக்காத. தெரிஞ்ச மாதிரி இருந்தாலே அழுத்து. நம்ம ஆளுங்க ரொம்ப யோசிக்கிறாங்க, நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் அழுத்தணும்னு நினைக்கிறாங்க. அதான் கம்மியா வருது."

சொன்னபடி செய்தேன். அந்த மெஷின் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் லேசாக ஒரு சத்தம் போடும். பதினெட்டு வருஷம் மெஷின் ஓட்டுகிறவளுக்கு அது எப்போது வரும் என்று சொல்லித் தர வேண்டாம். அழுத்தினேன்.

நீ தோளைத் தட்டினாய். "நார்மல்க்கா. சர்டிஃபிகேட் வேணுமா, சட்டம் போட்டு மாட்டிக்கிறியா?"

அடுத்த மாதம் இலவச கிளினிக்கில் நர்ஸ் கேட்டாள், "கண் செக்கப் ஆச்சா?" ஆச்சு என்றேன். எங்கே என்றாள். பெயரைச் சொன்னதும் "அடேயப்பா, அங்கயா?" என்று கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டாள். அடுத்த வருஷம் அவள் கேட்கவில்லை. "கண் நார்மல்னு போட்டிருக்கே" என்று அவளே படித்துவிட்டு மாத்திரையைக் கொடுத்தாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. காப்பீடு இல்லாத பொம்பளைக்கு இன்னொரு பரிசோதனை எழுதிக் கொடுக்க அவர்களுக்கு என்ன வேண்டுதல்?

எனக்கு ஒன்று மட்டும் சொல். முதல் தடவை திரையில் நீ என்ன பார்த்தாய்?

ஒஃபேலியா


ஹூஸ்டன்
பிப்ரவரி 26, 2023

அக்கா,

அந்தத் திரையில் ஆயிரம் கண்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. முதல் பரிசோதனையை ஒதுக்குவது நான் கண்டுபிடித்த வழக்கமில்லை, உலகம் முழுக்க அப்படித்தான். பழகாத கை, பழகாத இருட்டு. முதல் தடவை குறைவாகத்தான் வரும்.

நான் ஏன் உங்களையெல்லாம் கூட்டி வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நான் சேர்ந்தபோது அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் யார் தெரியுமா? மருத்துவ மாணவர்கள், பேராசிரியர்களின் மனைவிமார், அவர்களோடு டென்னிஸ் ஆடுகிறவர்கள். வெள்ளைக்காரர்கள், நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர்கள். அவர்கள் கண்தான் மனுஷக் கண் என்று எழுதப்போகிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிற ஒருத்தியின் கண்ணை அதோடு வைத்துப் பார்த்து, நீ நார்மல் இல்லை என்று சொல்லப்போகிறார்கள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. நம் ஆட்களும் அதில் இருக்க வேண்டும் என்று ஹெதரிடம் சண்டை போட்டேன். "உன் ஆளுங்க சனிக்கிழமை வருவாங்கன்னா கூட்டிட்டு வா, பாப்போம்" என்றாள். கூட்டிக்கொண்டு வந்தேன். நாற்பத்தைந்துக்கு மேல் பெண்கள் மட்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் உன்னைக் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று போன மாதம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ இவ்வளவு எழுதியதால் நானும் ஒன்றை எழுதுகிறேன். எல்லார் கண்ணிலும் நரம்பு உள்ளே நுழைகிற இடத்தில் பார்வை கிடையாது. மெஷின் இடையிடையே வேண்டுமென்றே அந்த இடத்தில் வெளிச்சத்தைப் போடும். யாருக்கும் அது தெரியாது, தெரியவும் முடியாது. அங்கே அழுத்தினால் அந்த ஆள் பார்த்து அழுத்தவில்லை, குத்துமதிப்பாக அழுத்துகிறார் என்று அர்த்தம். நீ அங்கே அழுத்தினாய், அக்கா. ஒரு தடவை இல்லை. லொத்தேரியா படச்சீட்டு விளையாடும்போது சீட்டின் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே கட்டத்தில் பீன்ஸைத் தூக்கி வைப்பாயே, அதே மாதிரி. தெரியாததைத் தெரிகிறது என்று சொன்னது நீ. மெஷினிடம் பொய் சொன்னது நீ.

இதை எழுதியிருக்கக் கூடாது. ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் மட்டும் நீ போட முடியாது.

நெஸ்தோர்


சிகாகோ
மார்ச் 17, 2023

நெஸ்தோர்,

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு சொல்லைப் பார்த்தால் அதன் இரண்டு பக்கமும் காணாமல் போய்விடுகிறது. அடுத்த சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் முந்தைய சொல் என்ன என்று மறந்துவிடுகிறது. "பொய்" என்ற சொல்லை மட்டும் உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

சரி. பொய்யாகவே அழுத்தினேன் என்று வைத்துக்கொள். நான் அங்கே அழுத்தினேன் என்பது உனக்கு எப்படித் தெரியும்?

ஆயிரம் கண் பார்த்தேன், ஞாபகம் இல்லை என்று மேலே எழுதுகிறாய். அதே தாளின் கீழே, அக்கா அங்கே அழுத்தினாள், ஒரு தடவை இல்லை என்று எழுதுகிறாய். நான் எட்டாவதோடு நிறுத்தினவள்தான், இருந்தாலும் ஒரே தாளில் இரண்டையும் படிக்கத் தெரியும். அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. குத்துமதிப்பாக அழுத்துகிறாள் என்று மெஷின் உன்னிடம் சொல்லியிருக்கிறது. நீ என் தோளைத் தட்டி வீட்டுக்கு அனுப்பினாய். நாற்பத்தைந்துக்கு மேல் பெண்கள் கிடைக்கவில்லை, இல்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன். சிரிப்பு வருகிற விஷயம்தான். செவ்வாய்க்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு மறுபடி பரிசோதனை. இருட்டறை, தாடைத் தாங்கி, சிவப்பு வளையம், அதே சத்தம். உங்கள் மெஷின்தான். அங்கிருந்த பெண் சின்ன வயசு, பிலிப்பீனோ, நல்ல பிள்ளை.

"பயப்படாதீங்க மாம். உங்க வயசுல நல்லா இருக்கறவங்களோட இது உங்களை ஒப்பிட்டுப் பாக்கும், அவ்வளவுதான்."

"அந்த நல்லா இருக்கறவங்க யாரு?"

"யாரோ வாலண்டியர்ஸ். இங்க, சிகாகோலயே எடுத்தாங்களாம்."

"அது நான்தான்."

அவள் சிரித்துவிட்டாள். "நல்லா ஜோக் அடிக்கறீங்க மாம்."

தாள் வந்தது. நடுவில் வளையம் முழுக்கச் சிவப்பு. வெளி ஓரத்தில் ஐந்தாறு புள்ளி பச்சை. அந்தப் பக்கமிருந்து ஆள் வந்தால்கூட எனக்குத் தெரிவதில்லை, பிறகு எப்படிப் பச்சை என்று கேட்டேன். "இது பார்டர்ல இருக்கு மாம். உங்க வயசுக்காரங்கள்ல ரொம்பக் கம்மியா வந்தவங்க அளவுக்கு இருக்கு. அதுக்குக் கீழ போனாத்தான் சிவப்பு போடும்."

ரொம்பக் கம்மியாக வந்தவள் யார் என்று நான் கேட்கவில்லை.

ஆலையில் என்னை மடிக்கிற மேசைக்கு மாற்றினார்கள். மூலைகள் பொருந்தவில்லை. போன வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் தோர்த்தியா ரொட்டி சுடும்போது நடுவில் பொங்குவது தெரிகிறது, ஓரம் தெரியவில்லை. லூபே கரிந்த ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். எனக்கு ஒரே ஒரு காரியம் செய். உன் நார்மல்களிலிருந்து என்னை எடு.

ஒஃபேலியா


ஹூஸ்டன்
ஏப்ரல் 12, 2023

அன்புள்ள அக்கா,

உன் கோரிக்கையை யோசித்துப் பார்த்தேன். அது முடியாது.

அந்த ஆய்வு முடிந்துபோனது. முடிவுகள் மெஷினுக்குள் ஏற்றப்பட்டு எல்லா இடங்களுக்கும் போய்விட்டன. அதில் யாருடைய பெயரும் கிடையாது, எண்கள் மட்டும்தான். நீ அதில் ஒஃபேலியா பர்ராகான் இல்லை. ஒருவரை எடுக்க வேண்டுமென்றால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் மற்ற எல்லாரையும் மறுபடி திறந்து பார்ப்பார்கள். சனிக்கிழமை வந்தவர்களை முதலில் பார்ப்பார்கள். நம் ஆட்கள் அத்தனை பேரையும் தூக்கி எறிந்துவிட்டு, பழையபடி டென்னிஸ் ஆடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதுதான் உனக்கு வேண்டுமா?

ஒரே ஒரு ஆளால் சராசரி பெரிதாக நகராது. இதை உனக்கு ஆறுதலாகச் சொல்கிறேன்.

நான் இப்போது வேலை செய்வது அந்த மெஷினைச் செய்கிற நிறுவனத்தில் என்பதையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும். டாக்டர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. போன வாரம் டல்லாஸில் ஒரு வகுப்பு. இடையில் காட்டும் அந்தப் பொய் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அங்கே அழுத்தினா அந்த ரிசல்ட்டை நம்பாதீங்க, மறுபடி எடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் நிறுத்தினேன். தண்ணீர் குடிக்கிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

ஜூனில் லூபேயின் பட்டமளிப்புக்கு வருகிறேன். நேரில் பேசுவோம். அதுவரை இதை வெளியே யாரிடமும் பேசாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நெஸ்தோர்


ஹூஸ்டன்
ஜூன் 14, 2023

ஒஃபேலியா,

வந்தேன். நீலச் சட்டை, அம்மா இறந்தபோது நீ வாங்கிக் கொடுத்த டை. மண்டபத்தில் உனக்கு ஐந்தடி தள்ளி நின்றேன். உன் பக்கத்தில், லூபே அத்தை என்று கூப்பிடுகிற உன் தெரு சாயோ நின்றிருந்தாள். நீ திரும்பினாய். என் பக்கம்தான் பார்த்தாய். நான் கையைத் தூக்கினேன். நீ பார்த்துவிட்டு, யாரோ தெரியாதவனைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கேக் மேசைப் பக்கம் போய்விட்டாய்.

எனக்குப் புரிந்தது. பொது இடத்தில் கத்தாமல் விட்டாயே, அதற்கு நன்றி. லூபேயிடம் பரிசை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இனி நான் எழுதி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

நெஸ்தோர்


சிகாகோ
ஜூன் 29, 2023

நெஸ்தோர்,

நீ எந்தப் பக்கம் நின்றாய்?

லூபே சொல்கிறாள், எனக்கு வலது பக்கம், கொஞ்சம் கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில் என்று. அங்கே சுவர் இருந்தது. படிக்கட்டு இருந்தது. மனுஷன் இல்லை. அந்த இடம் எனக்குக் கறுப்பாகத் தெரியும் என்று நீ நினைத்திருப்பாய். கறுப்பாகவெல்லாம் தெரியாது. சுற்றி இருக்கிற சுவரையே இழுத்து அங்கே பூசிவிடுகிறது. அதனால்தான் எனக்கே இத்தனை வருஷம் தெரியவில்லை. அந்தக் கறுப்பில்லாத ஓட்டைக்குள் என் தம்பி டை கட்டிக்கொண்டு கையைத் தூக்கி நின்றிருக்கிறான்.

அன்று மண்டபம் முழுக்க உன்னைத்தான் தேடினேன். "நெஸ்தோர் வந்தானா, நெஸ்தோர் வந்தானா" என்று சாயோவைக் கேட்டுக் கேட்டு அவள் எரிச்சலாகிவிட்டாள். "வந்தா உன் கண்ணுல படாமயா இருப்பான்?" என்றாள். கேக்கில் உனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தேன். மூலைத் துண்டு, க்ரீம் அதிகமாக இருக்குமே, அது.

மண்டபத்தில் இருந்த இருநூறு பேருக்கு இது தெரியாமல் போகலாம். கண்ணைப் படித்தவன் நீ. ஐந்தடி தள்ளி நிற்கும்போது உனக்குத் தோன்றவில்லை. அக்கா கோபமாக இருக்கிறாள் என்று நினைப்பது உனக்குச் சுலபமாக இருந்தது. அக்கா குருடாகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பதற்கு ஒரு அடி முன்னால் வந்திருக்க வேண்டும்.

இப்போது சாயோ விஷயம். அவளும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறாள், ஏழெட்டு வருஷமாக. உனக்குத் தெரிந்திருக்காது, நம் தெருவில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நீ கேட்டதில்லை. என் கதையைக் கேட்டுப் பயந்துபோய், என்னை இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதே பெண், அதே மெஷின். தாள் முழுக்கப் பச்சை.

"பாத்தியா, நீ என்னமோ பயமுறுத்தின" என்று சாயோ என் முதுகில் ஒன்று வைத்தாள். பஸ்ஸில் வரும்போது பாட்டு வேறு.

எனக்குப் பாட்டு கேட்கப் பிடிக்கவில்லை. மறுநாள் தனியாகப் போய், அந்த வயதான டாக்டரிடம் சாயோவின் தாளைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "ஓரமா ஒரு நாலஞ்சு இடத்துல எல்லைக்கோட்டு மேலயே நிக்குது. ஆனா உள்ளதான் இருக்கு. நார்மல்னுதான் வருது. வேற ஒரு படம் எடுக்கலாம், ஆனா தாள்ல நார்மல்னு இருந்தா கிளினிக்காரங்க எழுதித் தர மாட்டாங்களே" என்றார்.

"அந்தக் கோட்டைப் போட்டது நான் டாக்டர். என் கண்ணை வெச்சுத்தான் போட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. "எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

எழுத்தில் இருப்பது உன்னிடம் மட்டும்தான்.

சாயோவுக்கு ஐம்பத்தொரு வயது. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியைக் கொண்டுபோய்த்தான் நூல் கோக்கிறாள். பழக்கம் என்கிறாள். மாத்திரையை நிறுத்து என்று கெஞ்சிப் பார்த்தேன். "நிறுத்தினா கை மடங்காது, கை மடங்கலேன்னா சோறு இல்ல. நார்மல்னுதானே சொன்னாங்க?" என்கிறாள். நானும் அதையேதான் சொன்னேன், நாலு வருஷமாக. அவள் வேறு யாரையும் போல நார்மல் இல்லை, நெஸ்தோர். என்னைப் போல நார்மல்.

உன்னை மன்னிக்கச் சொன்னால் மன்னித்துவிடுகிறேன். நீ கேட்கக்கூட வேண்டாம். வேலை போனால் இங்கே வா, சோபா இருக்கிறது. முதல் தடவை நீ பார்த்த அந்தப் படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம், அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் வேலை செய்த ஆலையில் கறை போகாத விரிப்பு ஒன்று கிடைத்தால் மொத்தக் கட்டையும் பிரிப்போம். யாரும் மொத்தக் கட்டையையும் கிழித்துப்போட மாட்டார்கள். அந்த ஒன்றைத்தான் எடுப்பார்கள்.

என்னை எடு.

ஒஃபேலியா


சிகாகோ
செப்டம்பர் 3, 2023

நெஸ்தோர்,

இதை லூபே எழுதுகிறாள், நான் சொல்கிறேன். சாயோ நேற்று தெருவைக் கடக்கும்போது சைக்கிள்காரனைப் பார்க்கவில்லை. அடி ஒன்றும் இல்லை, முழங்கை சிராய்ப்புதான். "எங்கிருந்துடீ வந்தான் அவன்?" என்று சிரித்துக்கொண்டே என்னைக் கேட்டாள்.

ஜூனிலிருந்து ஐந்து கடிதம் போட்டாகிவிட்டது. ஒன்றும் திரும்பி வரவில்லை, அதனால் விலாசம் சரிதான்.

கீழே இருப்பது மட்டும் என் கையெழுத்து. வரி கோணலாக இருக்கும்.

என்னை அதிலிருந்து எடு.